மூச்சைப் படம் பிடிக்கும் பட்டையும் ஒரு பொட்டலம் புற்றுமண்ணும்

1

சென்ற மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷமாகியும் தபால் பெட்டியில் வெள்ளை உறையைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம்தான். இந்த நாட்டில் நல்ல செய்தியைப் போனில் சொல்வார்கள், வில்லங்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். நின்றபடியே பிரித்துப் படித்தேன். போன வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஒரு சாயங்காலம் காப்பிக்கும் கேக்குக்கும் அழைத்திருந்தார்கள். அழைப்பு ‘ஃப்ராவ் முத்தையா’ பெயருக்கு இருந்தது. ஃப்ராவ் என்றால் திருமதி.

முத்தையா என் மாமனார். பனவடலிசத்திரம் என்ற ஊரில் உளுந்தும் மிளகாயும் பயிரிட்டுக்கொண்டிருந்தவர், தவறிப்போய் ஒன்பது வருஷமாகிறது. என் மனைவி பெயர் கோமதி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று அவள் அப்பா பெயரைப் போட்டோம். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா வேலுச்சாமி. மகள் பாஸ்போர்ட்டில் நான், அதாவது சங்கரலிங்கம். ஆக ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். கோமதியை ஆம்புலன்ஸில் கொண்டுபோன அன்று, ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் எங்கள் மூன்று பேர் அடையாள அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் அவள் புருஷன்தான் என்று நிரூபிக்க வேண்டும். சங்கரன்கோவில் பதிவாளர் அலுவலகத்து முத்திரை குத்திய கல்யாணச் சான்றிதழையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் வீட்டிலிருந்து எடுத்துவந்து நீட்டிய பிறகுதான் அவள் எந்த மாடியில் இருக்கிறாள் என்றே சொன்னார்கள்.

அதன்பின் மூன்று வாரம் அந்த வார்டில் தினமும் “காலை வணக்கம், ஃப்ராவ் முத்தையா” என்று என் மாமனாரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கோமதிதான் எழுந்திருக்கவில்லை.

2

சாதாரணக் காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. நாலாம் நாள் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார்கள். ஆறாம் நாள் தொண்டைக்குள் குழாய் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, மூச்சு விடும் வேலையை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். கல்யாணமான வருஷம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் அவள் ஆடிச்சுற்று சுற்றினாள், கோயிலை விடாமல் வலம் வருவது. நூற்றெட்டுச் சுற்று என்று வேண்டுதல். துணைக்குப் போன நான் பன்னிரண்டாவது சுற்றில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் முடித்துவிட்டு வந்து, “எந்திரிங்க, போவோம்” என்று சாதாரணமாகச் சொன்னாள். ஒரு இளைப்பு இல்லை. அந்தக் கோமதிக்குத்தான் இப்போது ஒவ்வொரு மூச்சையும் வெளியிலிருந்து தள்ள வேண்டியிருந்தது. அவள் செத்துப்போய்விடுவாள் என்று நான் பயந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் அவளைக் கீழ்த்தளத்துக்குப் பெரிய ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். கட்டில், இயந்திரம், மருந்துக் குழாய்கள், கூடவே நாலு பேர். பாதி வழியில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிந்து, எடுத்தும் எடுக்காமலும் மேலே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இவரை அநாவசியமாக இனி நகர்த்தப் போவதில்லை என்று தலைமை மருத்துவர் சொன்னார். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, காதில் பென்சில் செருகியிருக்கும் அம்மாள் அவர்.

மறுநாள் கோமதியின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை இருந்தது. ஜாக்கெட் தைக்க அளவெடுக்கும் நாடா ஓடுகிற அதே இடத்தில், ரப்பர் மாதிரி ஒரு மெல்லிய பட்டை. உட்பக்கம் வரிசையாக உலோகப் பொட்டுகள். பட்டையிலிருந்து ஒரு வயர் ஒரு திரைக்குப் போனது.

எனக்கு விளக்கியவள் நர்ஸ் மார்த்தா. ருமேனியாவிலிருந்து வந்தவள். எங்கள் இருவருக்குமே ஜெர்மன் இரவல் மொழி என்பதால் அவள் பேசுவது எனக்கு நன்றாகப் புரியும். உடம்புக்குத் தெரியாத அளவு மின்சாரத்தை ஒரு பொட்டு உள்ளே விடும், மற்றப் பொட்டுகள் அதை அளக்கும். காற்று நிறைந்த இடத்தில் மின்சாரம் சிரமப்பட்டுப் போகும், நீரும் சதையும் இருக்கும் இடத்தில் சுலபமாகப் போகும். அந்த வித்தியாசத்தை வைத்து, நுரையீரலின் எந்தப் பகுதிக்குக் காற்று போகிறது, எங்கே போகவில்லை என்று கணத்துக்குக் கணம் படமாக்கிக் காட்டும். ஊசி இல்லை, கதிர் இல்லை, கட்டிலை விட்டு நகர்த்த வேண்டியதும் இல்லை. “படத்தை மட்டும் நம்பி எதுவும் செய்யமாட்டோம். ஆனால் கூட ஒரு கண் இருப்பது நல்லதுதானே?” என்றாள் மார்த்தா.

மூச்சு உள்ளே போகும்போது கறுப்புத் திரையில் நீலம் பரவி நடுவில் வெளுக்கும். வெளியே வரும்போது அணையும். காலடியில் நின்று பார்ப்பதுபோல் வரைகிற படம் அது. அவளுடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். மேலே நெஞ்சு, கீழே முதுகு. முதல் நாள் மேற்பகுதி மட்டும்தான் வெளுத்தது, கீழே இருட்டாகக் கிடந்தது. மல்லாந்து கிடப்பதால் முதுகுப்பக்கத்து நுரையீரல் ஒட்டிப்போய்விட்டது என்றார்கள். அவளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள், இயந்திரத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தார்கள். நாலைந்து நாளில் கீழேயும் நீலம் ஊறியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கோமதி முகத்தில் ஒன்றும் தெரியாது. அவள் இருக்கிறாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

வார்டு வாசலில் மணியை அழுத்தி, யார், எதற்கு வந்தோம் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் பதற்றத்தில், “மனைவியைப் பார்க்க வந்திருக்கிறேன்” என்பதற்குப் பதில், “மனைவியை அழைத்துப்போக வந்திருக்கிறேன்” என்று ஜெர்மனில் சொல்லித் தொலைத்தேன். மார்த்தாவின் குரல் ஒரு விநாடி யோசித்துவிட்டு, “இன்றைக்கு இல்லை, ஹெர் வேலுச்சாமி” என்றது. ஹெர் என்றால் திரு.

3

இங்கே என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த கூத்தின் கனம் உங்களுக்குத் தெரியாது.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்காத வீடு கிடையாது. தறி ஓடினால் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம். நான் டெக்ஸ்டைல் படித்து, தறிகளைப் பழுது பார்த்து, கடைசியில் நெசவு இயந்திரம் செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனியில் வந்து சேர்ந்தேன். இந்த நவீன இயந்திரங்களில் குறுக்கே ஓடும் ஊடைநூல் அறுந்ததா என்று பார்க்க ஒரு மின்னணுக் கண் உண்டு. அறுந்தால் தறியை நிறுத்திவிடும். அந்தக் கண்ணின் மேல் பஞ்சோ எண்ணெயோ படிந்தால், அறாத நூலை அறுந்தது என்று சொல்லும். ஓடுகிற தறியை நிறுத்தி, ஆட்கள் மோட்டாரைக் கழற்றி, கியரைக் கழற்றி, அரை நாளைத் தொலைப்பார்கள். கடைசியில் பார்த்தால் யாரோ ஒருவனின் அழுக்குக் கை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், கண்ணைத் தொடாதே. இரண்டாவது பாடமும் அதுதான். தொட்டவனை நான் எப்படித் திட்டுவேன் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். நான் திட்டுவதற்கென்றே நாலு ஜெர்மன் வசவு கற்றுவைத்திருக்கிறேன்.

4

என் அக்கா பேச்சியம்மாள் சங்கரன்கோவிலில் இருக்கிறாள். கோமதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் காலை ஏழரைக்குக் கூப்பிடுவாள். அங்கே அப்போது பகல் பன்னிரண்டு.

“ஏலே சங்கரா, வீட்டுல கோயில் மண்ணு இருக்கா?”

“இருக்குக்கா.”

“பூசுனியா?”

“அங்கனல்லாம் விட மாட்டாங்கக்கா. கைய மருந்து போட்டுத் தேய்க்காம உள்ளயே போவ முடியாது.”

“மண்ணுன்னு ஏன் சொல்லுத? பிரசாதம்னு சொல்லு. சின்னப்பிள்ளையில ஒனக்கு முதுகு பூரா தேமல் வந்துச்சே, எதுலலே போச்சு? நெஞ்சுல ஒரே ஒரு இழுப்பு இழுத்துட்டு வா. கோமதிய கோமதி பாத்துக்கிடுவா.”

இரண்டாவது கோமதி, அம்பாள். சங்கரன்கோவிலில் பூரான் கடித்தாலும், தோலில் அரிப்போ கட்டியோ வந்தாலும், கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டுத்தான் டாக்டரைப் பற்றி யோசிப்பார்கள். ஊருக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் பெட்டியில் ஒரு பொட்டலம் வரும். விமான நிலையத்தில் ஒரு தடவை அதைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, இது என்ன என்று கேட்டான். மண் என்றேன். இந்த அழுக்கு மண் எதற்கு என்றான். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் என் மகள், “சாமி கும்பிட” என்று சொல்லி முடித்துவிட்டு, எங்களோடு சம்பந்தமில்லாதவள்போல் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

மகள் பெயர் இசக்கியம்மாள். என் அம்மாவின் பெயர். ஒரு வயசுக் குழந்தையாகக் கொண்டுவந்தோம், இப்போது பதினேழு. பள்ளிக்கூடத்தில் இசா. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒன்பது வயசில் நிறுத்திக்கொண்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊருக்குப் போனால் கோயிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “பிள்ளைய சாமி கும்பிடச் சொல்லேன்” என்பாள் அக்கா. நான் சொல்லமாட்டேன். சொல்லி, அவள் மறுத்துவிட்டால் அந்த மறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அம்மா படுத்த நாளிலிருந்து இசக்கிதான் எங்களுக்கு வாய். டாக்டர் பேசுவதில் எனக்குப் பாதி புரியும். மீதியை அவள் சொல்ல வேண்டும். ‘அம்மா பிழைப்பது கடினம்’ என்பதைப் பதினாறு வயசுப் பெண் கேட்டு, விழுங்கி, எனக்குத் தாங்கும்படி சின்னதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லாமல் எதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டாளோ தெரியாது.

5

மூன்று நாள் அந்தப் பொட்டலம் என் சட்டைப்பையில் இருந்தது. அக்காவிடம் “பூசுதேன், பூசுதேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மதியம் மூன்று மணிக்குப் போனேன். தோல் ஆற வேண்டும் என்று தினமும் கொஞ்ச நேரம் பட்டையைக் கழற்றிவைப்பார்கள். அன்றைக்கு மார்த்தா பட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் மணி அடித்தது. அவள் அங்கே ஓடினாள். திரைச்சீலைக்குள் நானும் கோமதியும் மட்டும்.

அவள் வலது அக்குளுக்குக் கீழே பட்டை அழுத்திய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. தோலில் தடிப்பு என்றால் அதற்குப் புற்றுமண்தானே? கையை மருந்து போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தேன். அந்தச் சுத்தமான உள்ளங்கையில் மண்ணைக் கொட்டி, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் குழைத்து, விலாவிலிருந்து மார்புக்குக் கீழ்வரை ஒரு இழுப்பு இழுத்தேன். மெல்லிய பூச்சு, உடனே உலர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மண்ணும் கோமதியும் ஏறக்குறைய ஒரே நிறம். மண் இருப்பதே தெரியவில்லை. திரும்பி வந்த மார்த்தா பட்டையை அதன் மேலேயே கட்டினாள். கையுறை போட்ட கைக்கு அது பிடிபடவில்லை.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அதே நேரம் பள்ளி முடிந்து இசக்கி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தபடி திரையைப் பார்த்தவள், “என்ன இது?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

வலப்பக்கம் மங்கிக் கிடந்தது. இடப்பக்கம் நீலம் ஏறி இறங்குகிறது, வலப்பக்கத்தில் விட்டு விட்டு ஒரு புகைமூட்டம். பட்டையின் கருவி கீச்சென்று ஒலித்து ஒரு குறி காட்டியது. மார்த்தா பட்டையை இறுக்கிப் பார்த்தாள், ஓரத்தில் ஈரம் விட்டுப் பார்த்தாள். சரியாகவில்லை. டாக்டரம்மா வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் வெகுநேரம் கேட்டார். பிறகு இசக்கியிடம் பேசினார். அவள் முகம் வெளுத்தது.

“நாளைக்குக் காலையில் குழாயை எடுத்துப் பார்க்க இருந்தார்களாம்,” என்றாள் இசக்கி, வழக்கம்போல் ஜெர்மனில். “சத்தம் பரவாயில்லை, ஆனால் படம் சரியில்லை. சளி அடைத்திருக்கலாம், இல்லை காற்று கசிந்து வெளியே நிற்கலாம் என்கிறார். கட்டிலருகே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் வேறொரு நோயாளிக்கு அவசரமாகப் போயிருக்கிறதாம். காத்திருக்கப் பயமாக இருக்கிறதாம். கீழே ஸ்கேனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்.”

கீழே. போன தடவை பாதி வழியில் ஆக்ஸிஜன் சரிந்த அதே கீழே.

அப்போது என் கண் தானாக மூச்சு இயந்திரத்தின் எண்களுக்குப் போனது. தொழில் புத்தி. ஒவ்வொரு மூச்சுக்கும் போகிற காற்றின் அளவு காலையில் இருந்த அதே அளவு. அழுத்தம் அதே. ஆக்ஸிஜன் அதே. துணி ஒழுங்காக விழுகிறது, தறி சீராக ஓடுகிறது, கண் மட்டும் நூல் அறுந்தது என்கிறது. பதினாறு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்துகிற விஷயம். யாரோ ஒருவனின் அழுக்குக் கை.

என் கை.

6

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் நன்றாக இருப்பது தெரிந்துவிடும், மண் கதை வெளியே வராமலே போகும். சொன்னால் வார்டுக்குள் விடமாட்டார்கள். இசக்கி இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் வந்து கட்டிலின் சக்கரப் பூட்டை எடுக்கக் குனிந்தார்கள்.

“ஏட்டி இசக்கி, நிக்கச் சொல்லு. நிக்கச் சொல்லு அவங்கள.”

“வாட்?” என்றாள். மூன்றாவது ஒரு மொழி.

“அம்மா மேல நான் மண்ணு பூசிட்டேன். நம்ம கோயில் மண்ணு. பெல்ட்டுக்கு அடியில. அதான் படம் தெரியல. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல மக்கா. டாக்டர்ட்ட சொல்லு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் முழுசாக விளக்க முடியாது. கோபம் இருந்தது. அழுகையும் இருந்தது. “அப்பா...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். விமான நிலையத்தில் போலப் பத்தடி தள்ளிப்போய் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு அடி நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசினாள். ஜெர்மனில் அழுக்கு மண்ணுக்கு ஒரு சொல் உண்டு, விமான நிலையத்து ஆள் சொன்ன சொல். அதை அவள் சொல்லவில்லை. “எங்கள் கோயிலின் மண். எங்கள் ஊரில் உடம்பு சரியில்லாதவர்களுக்குப் பூசுவார்கள். அம்மாவுக்காக அப்பா பூசியிருக்கிறார். பட்டைக்கு அடியில் இருக்கிறது” என்றாள். எங்கள் கோயில், எங்கள் ஊர். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார். கட்டிலைத் தள்ள வந்தவர்களைக் கையால் நிறுத்தினார். மார்த்தா பட்டையைக் கழற்றி, வெந்நீர்த் துணியால் துடைத்தாள். துணி பழுப்பாக வந்தது. மருந்து போட்டு மறுபடியும் துடைத்து, புதுப் பட்டை கட்டினாள். நாங்கள் நாலு பேரும் திரையைப் பார்த்தோம்.

நீலம் வந்தது. இரண்டு பக்கமும் வந்தது. நடுவில் வெளுத்து, அணைந்து, மறுபடி வெளுத்தது. இசக்கி என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலித்தது, விடச் சொல்லவில்லை.

பிறகு டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கழுத்தில் ரத்தக்குழாய்க்குள் ஊசி இருக்கிற ஆள்மேல் மண்ணைக் கொண்டுவந்து பூசினால், அதிலிருக்கும் கிருமி நேரே உள்ளே போகலாம், மூன்று வாரப் பாடும் ஒரே நாளில் போயிருக்கும் என்றார். சொல்ல வேண்டியதுதான். என்னுடைய நாலு வசவும் அவருக்குத் தெரியாமலா இருக்கும், மரியாதைக்கு விட்டுவிட்டார். கடைசியில், “மண்தான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டார். தறியையும் கண்ணையும் பற்றிச் சொன்னேன்.

“உங்கள் தொழிற்சாலையில் ஒருவன் இதைச் செய்தால்?”

“அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.”

“நான் அனுப்பமாட்டேன்,” என்றார். “நாளைக்கும் வாருங்கள். சட்டைப்பை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.”

மிச்ச மண்ணை என்ன செய்வது என்று மார்த்தா கேட்டாள். குப்பையில் போடச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, ஆஸ்பத்திரி வழக்கப்படி அதன்மேல் ‘ஃப்ராவ் முத்தையா’ என்று அச்சடித்த சீட்டை ஒட்டி, கோமதிக்கு எதிர்ச் சுவரில் எங்கள் குடும்பப் போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். “எங்கள் ஊரில் என் அம்மா நெஞ்சில் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டுவாள்,” என்றாள். “அதையும் இங்கே விடமாட்டார்கள்.”

7

மறுநாள் இயந்திரத்தின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். திரையில் நீலம் சிறுத்தது, பிறகு அவளே இழுக்க ஆரம்பித்ததும் கீழ்ப்பகுதியிலும் நன்றாகப் பரவியது. நடுப்பகலில் குழாயை எடுத்தார்கள். ஒரு இருமல், பிறகு அவளுடைய சொந்த மூச்சு. பட்டை கழற்றும்வரை நான் அதைத் திரையில் பார்த்தேன். கழற்றிய பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

தொண்டை தேறி, அவள் பேச ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“முழுசையும் கரைச்சிட்டீங்களா?” என்றாள் கீச்சுக் குரலில். “மிச்சம் இருக்கா?”

சுவரைக் காட்டினேன். தன் அப்பா பெயர் ஒட்டிய உறையைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் இருமல் வந்து, மார்த்தா ஓடி வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

அக்கா கதை வேறு. குழாய் எடுத்ததைச் சொன்னதும், “பாத்தியாலே! நான் சொன்னேம்லா! ஒரு இழுப்புக்கே இப்பிடின்னா!” என்று அங்கே ஒரு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எனக்கு மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்பாளுக்கு மாவிளக்கும் போட்டுவிட்டாள். இதைப் படித்தால்தான் அவளுக்கு உண்மை தெரியும். அக்கா, நீ கும்பிட்டது வீண் இல்லை. பூசச் சொன்னதுதான் தப்பு. பூசியது அதைவிடத் தப்பு.

கோமதியைச் சாதாரண வார்டுக்கு மாற்றி, பிறகு மறுபடி நடக்கப் பழக்கும் இடத்துக்கு அனுப்பி, ஏழு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். அன்றைக்குக் காலை, அவள் அங்கே இல்லை என்று தெரிந்தும், பழைய வார்டு வாசலில் போய் மணியை அழுத்தினேன். “மனைவியை அழைத்துப்போக வந்திருக்கிறேன்” என்றேன்.

“இன்றைக்குச் சரி, ஹெர் வேலுச்சாமி,” என்றாள் மார்த்தா.

8

போன வெள்ளிக்கிழமை காப்பிக்குப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடியில். லிப்ட் வர நேரமாயிற்று. கோமதி படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள்.

“மூச்சு வாங்குதா?” என்று கேட்டேன்.

“ஒங்களுக்குத்தான் வாங்குது. அதான் நின்னேன்.”

பழைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் ஆக்ஸிஜன் உருளையைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். டாக்டரம்மா காதில் அதே பென்சில். புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு மண் கதையை மார்த்தா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள் போலிருக்கிறது. எல்லோரும் என் சட்டைப்பையையே பார்த்தார்கள். பட்டை கட்டும் முன் தோலைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், வீட்டார் எதையாவது பூசினார்களா என்று முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும் என்று இப்போது வார்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறதாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கிளம்பும்போது மார்த்தா எங்களை வார்டு வாசலுக்குக் கூட்டிப்போனாள். நான் தினமும் நின்று கைக்கு மருந்து தேய்த்த இடம். அதற்கு மேலே சுவரில் புதிதாக ஒரு பலகை. வருகிறவர்களுக்கான குறிப்பு, ஜெர்மன், ருமேனியன், துருக்கி, அரபி என்று வரிசையாகப் பல மொழிகளில். எல்லாம் அச்செழுத்து. கடைசி வரிகள் மட்டும் கையெழுத்து. கோணலும் மாணலுமாக, ஒன்பது வயசில் நின்றுபோன எழுத்து.

‘நெஞ்சில் எதுவும் பூச வேண்டாம். மண் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளலாம்.’

“உங்கள் மகள் பள்ளி விடுமுறையில் வந்து எழுதிக் கொடுத்தாள்,” என்றாள் மார்த்தா. “ஏழு தடவை எழுதினாள். ஆறைக் கிழித்துப் போட்டாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள்.”

பலகையில் இருந்த ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோமதி எட்டி வந்து வாய்க்குள் படித்தாள். படித்து முடித்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டு, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

“என்ன கோமதி, ஆளுங்க பாக்காங்க,” என்றேன்.

“பாக்கட்டும்,” என்றாள். “பிடிக்கலாம்னு பிள்ள எழுதியிருக்கால்லா.”